சீர்காழி முன்சீப்பும் நம்ம நாவல் பிளானும்

ஆபீஸ் முடிஞ்சு வந்து நாவல் எழுத முடியுமா? இன்னைக்கு டாபிக் அதுதான்.

தமிழின் முதல் நாவல்னு சொல்லப்படுற பிரதாப முதலியார் சரித்திரம் 1879ல வெளிவந்துச்சு. எழுதினவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. சீர்காழி, மாயூரம் கோர்ட்டுகள்ல முன்சீப்பா இருந்தவர். வழக்கு, சாட்சி, தீர்ப்புன்னு முழுநேர வேலை. 1872ல ஓய்வு பெறுறதுக்கு முன்னாடியே நீதிநூல் (1859), பெண்கல்வி (1869) வெளிவந்தாச்சு. கோர்ட் தீர்ப்புகளையும் தமிழ்ல மொழிபெயர்த்து 1862ல புத்தகமா போட்டார்.

எனக்குப் பிடிச்ச விஷயம், வேலையை அவர் தனியா ஒதுக்கி வைக்கல. தமிழ் மட்டும் தெரிஞ்ச கட்சிக்காரன் முன்னாடி வக்கீல் இங்கிலீஷ்ல வாதாடுற அபத்தத்தை நாவலுக்குள்ளயே கிண்டல் பண்ணியிருக்கார். முன்சீப் நாற்காலியில உட்கார்ந்தவருக்குத்தான் அந்தக் கோபம் அவ்வளவு துல்லியமா வரும். நம்ம ஸ்டாண்டப் மீட்டிங், அப்ரைசல், நடுராத்திரி புரொடக்‌ஷன் கால் எல்லாம் அப்படித்தான். தினமும் கிளம்பும் முன்னாடி, அன்னைக்குக் காதுல விழுந்த ஒரு பேச்சை மூணு வரியில எழுதி வைங்க.

அடுத்து, அமைப்பு. அந்த நாவல்ல கதைக்குள்ள கிளைக்கதை, நடுவுல உபதேசம். ஓட்டம் அங்கங்க நிக்கும், உண்மைதான். ஆனா துண்டு துண்டா நேரம் கிடைக்கிறவங்களுக்கு இது நல்ல வழி. ஒரு மாலையில ஒரு சம்பவத்தை எழுதி முடிங்க. எங்க சேர்க்கிறதுன்னு அப்புறம் பார்க்கலாம். கோர்க்கிறப்போ பாதியை வெட்டத் தயாரா இருங்க.

இப்போ கணக்கு. 1999ல அமெரிக்காவுல தொடங்குன நானோரைமோ சவால்ல 30 நாள்ல 50,000 வார்த்தை எழுதணும்னு இருந்துச்சு, அதாவது நாளைக்கு 1,667. அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவராதீங்க. "வந்துகொண்டிருந்தவனுக்கும்" நமக்கு ஒரே வார்த்தை. இங்கிலீஷ்ல அரை வாக்கியம்! நாளைக்கு 300, வாரத்துக்கு நாலு நாள், 50 வாரம். மொத்தம் 60,000. தமிழ்ல அது நல்ல கனமான நாவல். ரிலீஸ் வாரத்துல ஒரு வரிகூட எழுத முடியாது. அதுக்குத்தான் ரெண்டு வாரம் விட்டிருக்கேன்.

முதல் சம்பவத்தை இந்த வாரமே எழுதிடுங்க. அடுத்த எபிசோட்ல அந்தப் பாதியை வெட்டுறது எப்படின்னு பேசலாம்.