குடும்ப நலமும் எய்ட்ஸ் தடுப்பும்: ஆடவர் காதுக்கு எட்டாத செய்தி

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்வியைப் பற்றிப் பேசுமாறு பணித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். விழாக் குழுவினரோ குடும்ப நலமும் எய்ட்ஸ் தடுப்பும் என்னும் பொருளைத் தந்துள்ளனர். தாய்மாரும் இளம் பெண்களும் அமர்ந்துள்ள அவையில் இதனைப் பேசக் கூசுவோர் உண்டு. நானும் கூசியவனே. இனப்பெருக்கம் பற்றிய பாடம் வந்தபொழுது, “வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என்று கூறி அடுத்த பாடத்துக்குத் தாவிய ஆசிரியரிடம் பயின்றவன் நான். பின்னர், அறிவியல் ஆசிரியர் இல்லாத ஓராண்டில் அப்பாடத்தை நடத்தும் பொறுப்பு வரலாற்று ஆசிரியனாகிய என்மீது விழுந்தது. நானும் அவ்வாறே தாவினேன். அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்கு நான் பட்ட கடனில் ஒரு பகுதியை இன்று அடைக்க முயல்கின்றேன் என்று கொள்ளுங்கள்.

ஊருக்குச் செய்தி அறிவித்தவர்கள் நம் முன்னோர். வரி கட்டும் நாளாயினும், ஏரி உடைப்பாயினும், கொள்ளை நோயாயினும் பறை அறைந்து தெருத் தெருவாகச் சொன்னவர்கள் அவர்களே. ஆனால் எந்தச் செய்தியைச் சொல்வது என்று முடிவு செய்தவர்கள் வேறு சிலர். குடும்பக் கட்டுப்பாட்டுச் செய்தியும் நம் தெருவுக்கு அவ்வாறுதான் வந்தது. ‘கட்டுப்பாடு’ என்னும் சொல்லையே எண்ணிப் பாருங்கள். ஊர்க் கட்டுப்பாடு என்றால் கடையில் பொருள் கிடையாது, கழனியில் வேலை கிடையாது, கிணற்றில் நீர் கிடையாது என்பதே நம் மக்கள் அறிந்த பொருள். அந்தச் சொல்லையே ஒரு நலத்திட்டத்துக்குப் பெயராக இட்டுச் சேரிக்கு அனுப்பினால், அது எவ்வாறு கேட்டிருக்கும்?

1952ஆம் ஆண்டில் இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டை நாட்டுத் திட்டமாக ஏற்றது. அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் ஏழைகளுக்குச் சிறு தொகை அளிக்கும் வழக்கத்தை 1956இல் தொடங்கியது நம் சென்னை மாகாணமே. சிவப்பு முக்கோணம் சுவர்தோறும் ஏறியது. ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்னும் வாசகம் எழுத்தறியாதார் வாயிலும் நின்றது. 1968இல் ‘நிரோத்’ என்னும் ஆணுறை தேயிலையும் சோப்பும் விற்கும் கடைகளுக்கே வந்து சேர்ந்தது. 1971 ஜூலையில் கேரளத்து எர்ணாகுளத்தில் திருவிழாப்போல் நடந்த முகாம் ஒன்றில் 63,000க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆடவர். அந்நாளில் ஆடவரிடமும் இச்செய்தி சென்றது என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகின்றேன்.

பின்னர் நெருக்கடி நிலை வந்தது. 1976–77ஆம் ஆண்டில் மட்டும் நாடெங்கும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. வட மாநிலங்களில் காவலரைக் கொண்டு ஆடவரைப் பிடித்துச் சென்றனர். பிடிபட்டவர்களில் ஏழைகளும் தாழ்த்தப்பட்டோரும் சிறுபான்மையினரும் மிகுதி. 1977 தேர்தலில் ஆட்சி வீழ்ந்தது. துறையின் பெயர் குடும்ப நலம் என்று மாறியது. அதன்பின் ஆடவரை நெருங்க அரசு அஞ்சியது. திட்டத்தின் சுமை முழுவதும் பெண்கள்மீது இறங்கியது. இலக்கு முறை மட்டும் 1996 வரை நீடித்தது. இன்ன கிராமத்தில் இத்தனை பேர் என்று எண்ணிக்கை வகுத்து, அதனை நிரப்பக் கீழ்நிலை ஊழியர்களை விரட்டும் முறை அது.

என் தாயாருக்குச் சிகிச்சை நடந்தபொழுது நான் ஆறாம் வகுப்பு மாணவன். மார்ச்சு மாதம். எண்ணிக்கை நிரம்பாத அலுவலர் ஒருவர் ஊர்த் தெருவுக்குச் செல்லாமல் நேரே எங்கள் தெருவுக்கு வந்தார். என்ன சிகிச்சை, எங்கே வெட்டுவார்கள், எத்தனை நாள் ஓய்வு வேண்டும் என்று எவரும் என் தாயாரிடம் சொல்லவில்லை. பத்தாம் நாள் அவர் அறுவடைக்குச் சென்றார். என் தந்தையாரிடம், “நீர் செய்துகொள்கின்றீரா?” என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. கேட்டிருந்தால் அவர் மறுத்திருப்பார் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

இதனைக் கேட்டு, கருத்தடை என்பதே நம்மைக் குறைக்க வந்த சூழ்ச்சி என்று சில இளைஞர்கள் முடிவுகட்டக் கூடும். அது தவறு. 1938 நவம்பரில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கருத்தடை வசதிகளை அரசே மக்களுக்கு அளிக்க வேண்டும் என்னும் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர், சுதந்திரத் தொழிலாளர் கட்சியைச் சேர்ந்த பி. ஜே. ரோகம். அவர் நிகழ்த்திய உரையை எழுதித் தந்தவர் அண்ணல் அம்பேத்கர். பெண்ணின் உடல்நலமும் ஏழைக் குடும்பத்தின் வாழ்வும் அதில் முன்நின்றன. தந்தை பெரியாரோ 1930களிலேயே ஒரு படி மேலே சென்றார். பிறர் நாட்டின் பொருளாதாரத்துக்காகக் கர்ப்பத்தடை வேண்டும் என்றபொழுது, பெண்ணின் விடுதலைக்காக வேண்டும் என்றார் அவர். ஆகவே இச்செய்தி நம்முடையதே. பிறர் கைக்குப் போய், கட்டளையாகத் திரும்பி வந்தது, அவ்வளவுதான்.

இன்று நிலை என்ன? 2019–21ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. இது பெரிய மாற்றம். பெண் கல்விக்கும், கிராமச் சுகாதாரச் செவிலியர்கள் வெயிலில் நடந்த நடைக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு கணக்கைக் காணுங்கள். மணமான பெண்களுள் நூற்றுக்கு 57.8 பேர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். கணவர் சிகிச்சை செய்துகொண்டது நூற்றுக்கு 0.1. ஆயிரத்துக்கு ஒருவர்! ஆடவருக்கான நவீன வாசெக்டமி எளியது. தையல் இல்லை, அவ்விடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு அரைமணி நேரத்துக்குள் முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்புகின்றனர். ஏறத்தாழ மூன்று மாதம் கழித்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்தும்வரை ஆணுறை அணிதல் வேண்டும். மண்வெட்டி பிடிக்கும் வலிமை போய்விடும் என்பது பொய்; ஆண்மைக்கும் குறைவில்லை. இத்தனையும் நம் ஆடவர்க்கு யாரும் சொல்லவில்லை; நாமும் கேட்கவில்லை.

இனி இரண்டாம் செய்திக்கு வருகின்றேன். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மாணவி நிர்மலா, தம் பேராசிரியை மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்டலில், பாலியல் தொழிலில் சிக்கிய பெண்களின் இரத்த மாதிரிகளைத் திரட்டி, குளிர்பெட்டியில் வைத்து இரவு இரயிலில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசென்றார். ஆறு பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிந்தது. இந்தியாவில் அந்நோய்க் கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது இவ்வாறே. 1994இல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தோன்றியது. நம் மாநிலம் இந்நோயை மறைக்காமல் முன்கூட்டியே பேசத் தொடங்கியது பாராட்டுக்கு உரியதே.

ஆயின், தொடக்கத்தில் பேசிய முறை? மண்டை ஓடும் எலும்பும் வரைந்து ‘எய்ட்ஸ் கொல்லும்’ என்றனர். அஞ்சியவர்கள் கிருமிக்கு அஞ்சவில்லை. கிருமி உடைய மனிதருக்கு அஞ்சினர். சில ஆண்டுகள் கழித்து, ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்னும் கேள்வி சுவரெங்கும் நின்றதை உங்களில் மூத்தோர் மறந்திருக்க மாட்டீர்கள். யார் அந்தப் புள்ளிராஜா என்று தேநீர்க் கடைதோறும் பேச்சு. பயமுறுத்தாமல் மக்களைப் பேச வைத்தது என்னும் அளவில் அதனை நான் நல்ல முயற்சியாகவே கருதுகின்றேன். ஆனால் அச்சுவர்களில் நாங்கள் கண்டது புள்ளிராஜாவை. புள்ளிராஜாவின் மனைவியை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

என் பழைய மாணவி ஒருத்தி 2006இல் பள்ளிக்கு வந்தாள். பத்தாம் வகுப்பு முடித்ததும் மணமானவள். கணவர் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் லாரியில் வட மாநிலங்களுக்குச் சென்று, ஆண்டில் இருமுறை வீடு திரும்புபவர். முந்தைய ஆண்டு அவர் இறந்துவிட்டார். சத்துணவுக் கூடத்தில் உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்க, தொலைந்த மதிப்பெண் சான்றிதழுக்கு நகல் வேண்டி வந்திருந்தாள். தனக்கும் தொற்று இருப்பதைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“ரெண்டாவது பிள்ளையோட ஆபரேசன் பண்ணியாச்சே சார். இனிமே ஒரு பயமும் இல்லேன்னு இருந்துட்டேன்.”

தோழர்களே, நான் இன்று சொல்ல வந்தது முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் உள்ளது. குடும்ப நலத் துறையினர் அவளிடம் வந்தனர், கருவைத் தடுப்பது பற்றிச் சொன்னார்கள், அதற்குமேல் சொல்லவில்லை. எய்ட்ஸ் பற்றிச் சொல்ல வந்தவர்கள் லாரிப் பேட்டைக்கும் விலைமகளிர் இருக்கும் இடத்துக்கும் சென்றனர். குடும்பத்தில் இருப்பவளுக்கு இது எதற்கு என்று அவள் வாசலைக் கடந்து போயினர். இரு துறைகளுக்கும் நடுவில் அவள் விழுந்தாள். அறுவை சிகிச்சை கருவைத் தடுக்கும்; கிருமியைத் தடுக்காது. இரண்டையும் தடுப்பது ஆணுறை ஒன்றே. அதனை அணிய வேண்டியவன் ஆடவன். சிகிச்சை செய்துகொண்ட மனைவி அதனை வேண்டினால், “உனக்குத்தான் ஆபரேசன் ஆயிற்றே, என்மீது ஐயமா?” என்னும் கேள்வி எழுகின்றது. அவள் எப்படி வாய் திறப்பாள்? அந்நாளில் தொற்றுக்கு ஆளான தமிழகப் பெண்களுள் மிகப் பலர் கணவரைத் தவிர வேறு ஆடவரை அறியாதவர்கள். நாமக்கல் பகுதியைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி போன்றவர்கள், திருமணத்தின் வழியாகவே தொற்றுக்கு ஆளாகி, 1998இல் சென்னையில் இத்தகைய பெண்களுக்கென்று ஓர் அமைப்பைத் தோற்றுவித்தனர். தங்கள் முகத்தை மறைக்காமல் அவர்கள் பேசிய பேச்சு, ஆயிரம் சுவரொட்டிகள் செய்யாததைச் செய்தது.

அம்மாணவிக்கு நகல் சான்றிதழ் வந்ததும் நானே அவள் வீட்டுக்குக் கொண்டுசென்றேன். தேநீர் தந்தாள். “இப்பொழுதுதான் குடித்தேன்” என்றேன். பொய். குவளையால் தொற்றாது என்பது அறிந்தும் என் கை நீளவில்லை. திரும்பி வருகையில்தான் அவள் மாமியார் வீட்டுத் திண்ணையில் தனியே கவிழ்த்து வைத்திருந்த குவளை என் கண்ணில் பட்டது. அது அவளுக்கென்று ஒதுக்கியது. தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையை எதிர்த்து வழக்காடிய தெரு அது. மறுவாரம் மீண்டும் சென்று, கேட்டு வாங்கிக் குடித்தேன். அவள் அதனைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பால் சற்றுக் குறைவு என்று மட்டும் வருந்தினாள்.

அவள் இன்றும் நலமாக இருக்கின்றாள். 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபொழுது, முதலில் தேர்ந்த எட்டு மருத்துவமனைகளுள் தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று. தொடக்கத்தில் அங்குச் சென்று மருந்து வாங்கினாள். பின்னர் மாவட்ட மருத்துவமனையிலேயே கிடைத்தது. நாள்தோறும் தவறாமல் மாத்திரை உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்து அப்படியே நிலைத்தவரிடமிருந்து உடலுறவால் பிறருக்குத் தொற்றுவதில்லை. கருவுற்ற தாய்க்கு உரிய காலத்தில் சிகிச்சை தந்தால் குழந்தையையும் பெரும்பாலும் காத்துவிடலாம். நம் மாநிலத்தில் 2001ஆம் ஆண்டளவில் கருவுற்ற தாய்மாரில் நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவில் இருந்த தொற்று, இப்பொழுது ஆயிரத்துக்கு இருவர் என்னும் அளவுக்கு இறங்கியுள்ளது. தொற்றுள்ளவரைப் பள்ளியிலோ பணியிலோ மருத்துவமனையிலோ ஒதுக்குவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கின்றது. 2018 செப்டம்பர் முதல் அது நடைமுறையில் உள்ளது. தீண்டாமை ஒழிப்புச் சட்டங்களைப் படித்துவைத்திருக்கும் நம் இளைஞர்கள் இதனையும் படித்து வைத்தல் நன்று.

வெளியூர்க்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குச் செல்லும் தம்பிமார்களுக்கு ஒரு சொல். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் இரத்தப் பரிசோதனை இலவசம். முடிவை உங்களிடம் அன்றிப் பிறரிடம் சொல்லார். ஐயம் இருப்பின் 1097 என்னும் எண்ணுக்குக் கட்டணமின்றித் தொலைபேசியில் கேட்கலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. மணம் செய்துகொள்ளுமுன் இருவரும் சோதித்துக்கொள்ளுங்கள். சாதகக் கட்டத்தைப் பத்துப் பேரிடம் காட்டும் பெரியோர்கள் இதற்குக் கோபம் கொள்ள வேண்டியதில்லை.

நம் சங்கம் தாய்மார்களுக்கென்று பல கூட்டங்கள் நடத்தியிருக்கின்றது. செவிலியர் வருவார், பெண்கள் வட்டமாக அமர்வர், ஆடவர் சாவடிப் பக்கம் எழுந்து போய்விடுவர். இனிமேல் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை, சங்கக் கட்டடத்தில் ஆடவர்க்கு மட்டும் இதே பொருளில் கூட்டம் நடத்தச் செயற்குழு இசைந்துள்ளது. சுகாதார ஆய்வாளர் வந்து பேசுவதாக ஒப்புக்கொண்டுள்ளார். கேள்விகளை எழுதிப் பெட்டியில் இடலாம்; பெயர் வேண்டாம். முதற்கூட்டத்தில் அந்த இனப்பெருக்கப் பாடத்தை நானே நடத்துகின்றேன். இம்முறை தாவ மாட்டேன். மாலை ஆறு மணிக்கு வாருங்கள்.