காற்றிலேறும் கரியும் நம் கிணற்று நீரும்

(கமக்காரர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



ஹவாய்த் தீவிலே, மௌனா லோவா என்னும் எரிமலைச் சரிவிலே, 1958ஆம் ஆண்டு தொடக்கம் காற்றை அளந்து வந்திருக்கிறார்கள். சார்ல்ஸ் டேவிட் கீலிங் என்னும் அமெரிக்க விஞ்ஞானி தொடக்கிவைத்த பணி அது. அன்று பத்து இலட்சம் பங்கு காற்றில் காபனீரொட்சைட்டு ஏறக்குறைய 315 பங்கு. 2024இல் அது 420ஐத் தாண்டிவிட்டது. இவ்வாயு ஒளியை உள்ளே விட்டு, பூமி திருப்பிவிடும் வெப்பத்தைத் தடுத்து வைக்கிறது. சுவீடன் நாட்டு அரீனியசு இதனை 1896இலேயே கணக்கிட்டுக் காட்டினார். அறியாமற் செய்தோம் என்று செல்வ நாடுகள் இனிச் சொல்லவியலாது.

இவ்வாயு பயிருக்கு உணவன்றோ என்று அன்பர் சிலர் வினவுகின்றனர். நியாயமான வினாவே. பயிர் சற்றுச் செழிப்பது மெய். ஆனால் நெல் பூக்கும் வேளையில் வெப்பம் 35 பாகையைக் கடந்தால் மகரந்தம் கெடுகிறது, பதர் மிகுகிறது. வைக்கோல் செழித்து என்ன பயன்? விளையும் மணியிலும் புரதம் குறைவதைப் பரிசோதனைகள் காட்டியுள்ளன.

வெப்பம் ஒரு பாகை ஏறினால், காற்று நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதலாக நீராவியைத் தாங்கும். பரவிப் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளிற் கொட்டினால் காலபோகம் வெள்ளத்திற் போகும். நீர் கடலுக்கு ஓடும். நிலத்தடிக்கு இறங்குவது குறையும். யாழ்ப்பாணத்தார்க்கு இது உயிர்ப் பிரச்சினை. வற்றாத ஆறொன்றும் இங்கில்லை. சுண்ணக்கல்லினுள்ளே உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீரே நம் முதுசொம். கடல் மட்டத்திற்குமேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி நிற்கும். மேலே ஓரடி போனால் கீழே நாற்பதடி போயிற்று. அளவுமீறி இறைப்பதும் இதனையே செய்கிறது. கடல் உயர்ந்து கரையை விழுங்கினாலோ, அந்நன்னீர் மேலும் சுருங்கும்.

2021இல் இந்நாட்டரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடுத்தது. கமக்காரனைக் கேட்டார் எவருமிலர். கிளாஸ்கோ காலநிலை மாநாட்டிலே அது பெருமையாக எடுத்துரைக்கப்பட்டது. நவம்பர் முடியுமுன் கைவிடப்பட்டது. அதற்குள் வயல் பட்ட பாட்டை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

2022இல் எகிப்திற் கூடிய மாநாடு, இழப்புக்கும் சேதத்துக்குமென ஒரு நிதியம் நிறுவ இணங்கிற்று. அதனைத் தருமம் என்போர் உளர். பிறர் எரித்த கரிக்கு அவர்கள் இறுக்கும் கடன் அது என்பதே நம் துணிபு. அப்பணம் இந்நாட்டை அடையுமானால், எந்தக் குளத்தைத் திருத்துவது, எங்கே உவர்நீர்த் தடுப்பணை கட்டுவது என்பன கொழும்பு மேசையில் மட்டும் முடிவாகலாகாது.

வெறுங்கையோடு உரிமை கேட்பார்க்கு மறுமொழி எளிது. ஆகவே ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும் தன் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் மாதந்தோறும் அளந்து பதிவு செய்ய வேண்டும். அளக்கும் கருவியை ஊருக்கொன்றாகப் பெற்றுத்தரும் பொறுப்பை இங்கு வந்துள்ள பொறியியலாளரும் ஆசிரியரும் ஏற்கும்படி வேண்டுகிறோம். வரும் மாரிக்கு முன்னரே முதற் பதிவு தொடங்கட்டும்.