வனத்துச் சின்னப்பரும் வரிசை வீட்டுப் பாட்டியும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'தோட்டம் போனது, உறவும் போய்விட்டதா?' என்பது இன்று நமக்குத் தரப்பட்ட தலைப்பு. எனக்கு முன் பேசிய இருவரும் போய்விட்டது என்றே சொன்னார்கள். நான் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். கத்தோலிக்கக் குடும்பம். பங்குப் பேரவையில் சில ஆண்டுகள் பொறுப்பில் இருந்தவன். ஆகவே எனக்குத் தெரிந்த கோயிலை வைத்தே பேசுகிறேன். நான் கோயில் என்று சொல்லும் இடத்தில் நீங்கள் உங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலை வைத்துக் கொண்டாலும் பொருள் மாறாது.

எங்கள் வட்டாரம் சாதாரண வட்டாரம் அல்ல. இந்நாட்டில் முதன்முதலாக வணிக முறையில் செம்பனை நடப்பட்டது 1917ல், எங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். நட்டவர் ஆன்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் அவர் இந்த மண்ணை வைத்து ஒரு நாவல் எழுதி, 1930ல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் பெற்றார். துரையின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. குழி வெட்டிய நம் தாத்தாக்களின் பெயர் எங்கே இருக்கிறது? எங்களவர்களுக்கு ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கிறது. கல்லறைச் சிலுவையில் இருக்கிறது. ஏழைக்குக் கோயில்தான் வரலாற்றுப் புத்தகம்.

தோட்டத்தில் எங்களுக்கு இருந்தது தகரக் கூரை போட்ட சிறு கோயில். சாமியார் மாதம் ஒருமுறை வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் எல்லாம். செபமாலை சொல்ல வைப்பதும் அவரே, பிள்ளைகளுக்கு ஞானப்பாடம் சொல்லித் தருவதும் அவரே, இரவில் யாருக்காவது உயிர் இழுத்துக் கொண்டிருந்தால் அரிக்கேன் விளக்கோடு போய் உட்காருவதும் அவரே. சாவு மணி அடித்தால் லயமே திரளும். அதில் இந்து, கிறிஸ்தவர் என்ற கணக்கு இல்லை. பாடை கட்ட மூங்கில் வெட்டி வருபவர் மாரியம்மன் கோயில் தலைவராகவே இருப்பார்.

இதைச் சொல்வதால் தோட்டம் சொர்க்கமாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. கள்ளுக்கடை இருந்தது. கடன் இருந்தது. படிப்பை நிறுத்திப் பால் மரத்துக்குப் போன பிள்ளைகள் இருந்தார்கள். சாதிப் பேச்சும் இருந்தது. அது கோயில் வாசலோடு நின்றுவிடவில்லை, உள்ளேயும் வந்தது. ஆனால் ஒன்று. லயத்தில் யாரும் தனியாகச் சாகவில்லை. நடுச்சுவர் பலகைச் சுவர். பக்கத்து வீட்டு இருமல் நம் வீட்டில் கேட்கும். தண்ணீர்க் குழாய் பொதுக் குழாய். ஒருநாள் ஒருவர் குழாயடிக்கு வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று கேட்க நாலு பேர் இருப்பார்கள்.

பிறகு பால் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆட்கள் தேவையில்லை. அடுத்துத் தோட்டங்களே கைமாறின. மேரி, நைஜல் கார்டனர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் ஒரு வீட்டுக்காக எத்தனை ஆண்டுகள் காத்திருந்தார்கள் என்பது பத்திரிகை படிக்கும் அனைவருக்கும் தெரியும். 245 வீடுகள் கட்டும் திட்டம் 2023ல்தான் பெஸ்தாரி ஜெயாவில் தொடங்கி வைக்கப்பட்டது. மற்றவர்கள் ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், தஞ்சோங் காராங், சுங்கை பூலோ என்று கிடைத்த தமானில் குடியேறினார்கள்.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். எங்கள் தமானில் ஒரு பாட்டி இருந்தார். எங்கள் பழைய தோட்டத்துக்காரர். பிள்ளைகள் வெளியூரில். ஞாயிறு தவறாமல் பூசைக்கு வந்து கடைசி வாங்கில் அமர்வார். ஒரு ஞாயிறு வரவில்லை. நான் அன்று காணிக்கை எண்ணிக் கொண்டிருந்தேன். இருபது காசு வரைக்கும் கணக்கு சரியாக இருந்தது. பாட்டி வராதது மட்டும் என் கணக்கில் வரவில்லை. செவ்வாய்க்கிழமைதான் பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்மணி சந்தேகப்பட்டு ஆள் கூப்பிட்டார். பாட்டி இறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் இடையே ஏழு கதவுகள்தான். அடக்கப் பூசையில் நான்தான் வாசகம் வாசித்தேன். குரல் வரவில்லை.

பெஸ்தாரி ஜெயாவில் இருக்கும் கத்தோலிக்கக் கோயில் வனத்துச் சின்னப்பர் கோயில். அந்த ஊர் பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட காலத்திலிருந்தே எங்கள் வட்டாரத்துக்கு அவர் பழக்கமானவர். அவர் திருநாள் ஜனவரி 15, நம் பொங்கலை ஒட்டி வருகிறது. எகிப்து நாட்டுக்காரர். வேதகலாபனைக்குத் தப்பி வனாந்தரத்துக்குப் போனவர், அங்கேயே வாழ்நாளெல்லாம் தவம் இருந்தார். அவர் கதையை எழுதி வைத்தவர் புனித எரோணிமுஸ். நாள்தோறும் ஒரு காகம் பாதி அப்பம் கொண்டு வந்து கொடுக்குமாம். வயதான காலத்தில் அந்தோணியார் அவரைத் தேடிப் போனார். அன்று காகம் முழு அப்பம் கொண்டு வந்தது. யார் முதலில் பிட்பது என்று இருவரும் மாலை வரை 'நீங்கள், நீங்கள்' என்று விட்டுக் கொடுத்துக் கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்துப் பிட்டார்கள்.

காகம் உறவைக் கூப்பிட்டு உண்ணும் என்று வள்ளுவர் சொன்னதைப் படித்த நமக்கு இந்தக் கதையைத் தனியே விளக்க வேண்டியதில்லை. ஆனால் கதையின் முடிவைக் கவனியுங்கள். சின்னப்பர் இறந்தபோது அவரை அடக்கம் செய்ய அந்தோணியார் இருந்தார். ஆளே இல்லாத வனாந்தரத்தில் ஒரு தவசிக்கு ஆள் இருந்தது. வரிசை வரிசையாகக் கதவுகள் உள்ள தமானில் எங்கள் பாட்டிக்கு ஆள் இல்லை. அப்படியானால் எது வனாந்தரம்?

"காலம் மாறிவிட்டது, இருவரும் வேலைக்குப் போகிறோம், ஷிப்ட் வேலை, நேரம் ஏது?" என்று கேட்பீர்கள். தோட்டத்தில் மட்டும் நேரம் இருந்ததா? விடியுமுன் பிரட்டுக்கு நின்றவர்கள் நம் பெற்றோர். உறவை வளர்த்தது ஓய்வு நேரம் அல்ல. பலகைச் சுவரும் பொதுக் குழாயும்தான். லயம் நமக்காகச் செய்ததை இனி நாமே மனம் வைத்துச் செய்ய வேண்டும்.

அதற்கு வழி புதிதல்ல. 1976 ஆகஸ்ட்டில் தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் ஒரு மாதம் பங்குகளை விட்டு ஒன்றாகக் கூடி, திருச்சபை எப்படிப் புதுப்பிக்கப்பட வேண்டும் என்று சிந்தித்தார்கள். அந்த ஒரு மாதமும் பங்குகளை நடத்தியவர்கள் பொதுமக்கள். அக்கம்பக்கக் குடும்பங்களைச் சிறு சமூகங்களாகக் கட்டி எழுப்புவது அங்கே எடுத்த முக்கிய முடிவு. பி.இ.சி. என்று நாம் சுருக்கிச் சொல்வது அதைத்தான். தமிழ்நாட்டில் 'அன்பியம்' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். சாமியார் இல்லாத ஞாயிறுகளில் நம் உபதேசியார்கள் செய்ததும் இதுதானே? 2020 மார்ச் 18ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கோயில்கள் மூடப்பட்டபோது, கூட்டம் ஒழுங்காக நடந்த வரிசைகளில் யாருக்கு அரிசி இல்லை என்பது ஒருவருக்காவது தெரிந்திருந்தது. பெயருக்கு நடந்த இடங்களில் தெரியவில்லை.

பாட்டிக்குப் பிறகு எங்கள் வரிசையில் சில காரியங்களைத் தொடங்கினோம். வேதாகமம் வாசித்து முடித்தவுடன் தேநீருக்கு எழுவதற்கு முன் ஒரே கேள்வி: "இந்த வாரம் யாரைக் காணவில்லை?" தனியாக இருக்கும் முதியவர்களுக்கு ஆளுக்கு ஒரு வீட்டார் பொறுப்பு, காலையில் ஒரு தொலைபேசி அழைப்பு. தஞ்சோங் காராங் மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்களுக்கு வண்டி முறை. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை இல்லாத பிள்ளைகள் இருந்தால் பதிவு அலுவலகத்துக்கு உடன் போக ஒருவர். இதில் இந்து வீடு, மலாய் வீடு என்று விலக்கு இல்லை. பாட்டியைக் கண்டுபிடித்தவரே மலாய்ப் பெண்மணிதான். இன்று எங்கள் பட்டியலில் அவர் எண் முதலில் இருக்கிறது.

இது எப்போதும் நன்றாக நடக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். சில வாரம் நாலு பேர்தான் வருகிறோம். இளைஞர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஆனாலும் கேள்வியை விடாமல் கேட்கிறோம்.

எனவே தலைவர் அவர்களே, தோட்டம் போனது உண்மை. உறவு போகவில்லை, அது கதவுக்குப் பின்னால் காத்திருக்கிறது. நேயர்களே, நிகழ்ச்சி முடிந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, உங்கள் வரிசையில் ஒரு வாரமாகப் பார்க்காத ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். வெறுங்கையோடு போக வேண்டாம். பாதி அப்பம் போதும். மறுபாதி அந்த வீட்டில் இருக்கும்.