தேறலும் மார்ட்டினியும்



மொழிபெயர்ப்பாளனின் மேசைக்கு எது வரும், எது வராது என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஒருநாள் பயிர்க் காப்பீட்டுச் சுற்றறிக்கை வரும். மறுநாள் கலங்கரை விளக்கப் பணியாளரின் விடுமுறை விதிகள் வரும். சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்தது சுங்கவரி அட்டவணையின் 22ஆம் அதிகாரம். அது பானங்களுக்குரிய அதிகாரம். அதில் 2205 என்னும் எண்ணின்கீழ், வெர்மூத்தும், செடிகொடிகளால் மணமூட்டப்பெற்ற பிற திராட்சை மதுக்களும் ஒரு தலைப்பாக அமைந்திருக்கின்றன. சற்றுத் தள்ளி, 2208இன்கீழ் ஜின் இருக்கிறது. இவை இரண்டையும் தமிழில் எவ்வாறு எழுதுவது என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, இவ்விரண்டும் அட்டவணையில் பிரிந்து கிடந்தாலும் ஒரே கிண்ணத்தில் கூடுவதை நான் கண்ட மாலைகள் நினைவுக்கு வந்தன.

அந்தக் கிண்ணத்திற்குரியவர் எங்கள் அண்ணாச்சி. நாகர்கோவில் பக்கத்தவர். இளமையில் சரக்குக் கப்பல்களில் பணியாற்றி, ஓய்வு பெற்றபின் திருவனந்தபுரத்தில் கரமனை ஆற்றுக்கு அண்மையில் குடியிருந்தார். வாரத்தில் ஆறு நாள் அவர் வீட்டில் சுக்குவெந்நீர்தான். சனிக்கிழமை மாலையில் மட்டும் ஒரே ஒரு மார்ட்டினி. இரண்டாவது என்ற பேச்சே இல்லை.

மார்ட்டினி என்பது மிக எளிய கலவை. சூரைச்செடியினத்தைச் சேர்ந்த ஒன்றன் கனி என்று சிலரும், வேறு பெயரால் சிலரும் எழுதுவர். எனக்கு அதில் தெளிவில்லாமையால் ஜூனிப்பர் என்றே சொல்லிவிடுகிறேன். அந்த ஜூனிப்பர்க் கனியின் மணம் ஏறிய வடிமது ஜின். வெர்மூத் என்பது, நம் மாசிபத்திரியின் இனத்துக் கசப்புச் செடி முதலியவற்றின் மணம் ஊட்டிய வெண்திராட்சை மது. அச்செடிக்கு ஜெர்மானிய மொழியில் வழங்கும் பெயரே சிதைந்து வெர்மூத் ஆயிற்று. ஜின் ஐந்தாறு பங்கு, வெர்மூத் ஒரு பங்கு. இவற்றை நிறையப் பனிக்கட்டியிட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, நீண்ட கரண்டியால் அரை நிமிடம் மெல்லச் சுழற்றுவர். பின் பனிக்கட்டி விழாதபடி வடித்து, கூம்பு வடிவக் கிண்ணத்தில் வார்ப்பர். மேலே ஓர் எலுமிச்சைத் தோல் துண்டைப் பிழிந்தால் அதன் எண்ணெய் நுண்துளிகளாய்ப் பரவும். சிலர் ஆலிவ் காயை இடுவர்.

அவ்வளவுதான். ஆயினும் அண்ணாச்சி அதைச் செய்வதைக் கண்டவர், கோயில் மடைப்பள்ளியில் ஒருவர் பாயசம் கிண்டுவதைக் கண்டதுபோல் வாய் பேசாமல் நிற்பர். கிண்ணங்களை முற்பகலிலேயே குளிர்பெட்டியில் வைத்துவிடுவார். கிண்ணத்திற்கு ஏன் அத்துணை நீண்ட காம்பு என்று கேட்டேன். கையின் சூடு பானத்தில் ஏறக் கூடாது என்பதற்காக என்றார். சுழற்றும்போது உருகிச் சேரும் நீரும் கலவையின் ஒரு பகுதியே. அது குறைந்தால் நாவைச் சுடும், மிகுந்தால் சப்பென்றாகும். ஒரு திரைப்பட ஒற்றனைப் பார்த்துவிட்டுக் குலுக்கித் தரும்படி கேட்ட இளைஞரை அவர் மன்னித்ததாக எனக்குத் தெரியவில்லை. குலுக்கினால் காற்றும் பனித்துகளும் புகுந்து கலங்கிவிடும் என்பார். பளிங்குபோல் தெளிந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. கிண்ணத்தைக் கையில் கொடுத்த பிறகும் நான் பேசிக்கொண்டிருந்தால், “தம்பி, பேச்ச பெறவு பேசலாம், குளிர் போறதுக்கு முன்ன குடிச்சிரணும்” என்பார்.

இப்பானத்தின் பிறப்பைப் பற்றிப் பல கதைகள் உள்ளன. கலிபோர்னியாவின் ஓர் ஊரும், நியூயார்க்கின் விடுதி ஒன்றும், இத்தாலிய வெர்மூத் நிறுவனம் ஒன்றும் அதன் பெயருக்கு உரிமை கொண்டாடுகின்றன. கதைகளை விட்டு ஏட்டுக்கு வந்தால், 1888இல் ஹாரி ஜான்சன் என்பவர் நியூயார்க்கில் வெளியிட்ட மதுவிடுதிக் கையேட்டில் மார்ட்டினி என்ற பெயரில் ஒரு செய்முறை காணப்படுகிறது. அதில் ஜின்னும் வெர்மூத்தும் சரிபாதி; இனிப்பும் உண்டு. பின்வந்த பத்தாண்டுகளில் இனிப்பு அகன்றது; வெர்மூத் சுருங்கிக்கொண்டே வந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு, 1889இல், சென்னையில் வேறொரு நூல் அச்சேறியது. உ. வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்த பத்துப்பாட்டு அது. இவ்விரு நூல்களையும் நான் ஒருங்கே கூறுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பத்துப்பாட்டிலும் ஒரு பானத்தின் செய்முறை இருக்கிறது. அது ஹாரி ஜான்சனுடையதைக் காட்டிலும் நுட்பமானது.

பெரும்பாணாற்றுப்படையில், தொண்டைமான் இளந்திரையனைக் காணச் செல்லும் பாணன் வழியில் வலைஞர் குடியிருப்பை அடைகிறான். அங்கே அவனுக்குக் கிடைக்கப்போவதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு சமையற்காரரின் கண்ணோடு சொல்கிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்க வேண்டும். வாய் அகன்ற பிழாவிலே அதை உலர ஆற்ற வேண்டும். பின் நெல்முளையை இடித்து அதனுடன் கலக்க வேண்டும். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய, உறுதியான வாயுடைய சாடியில் அது முதிரும். வெந்நீரில் அரித்து, விரலால் அலைத்துப் பிழிந்து எடுத்தால் நறும்பிழி ஆயத்தம். நெல்முளை எதற்கு என்பதை இன்றைய வேதியியலார் எளிதில் விளக்குவர்: முளைத்த தானியத்தில் உள்ள நொதிகள் அரிசியின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும், அச்சர்க்கரையே பிறகு மதுவாகும். களியை ஏன் ஆற்ற வேண்டும் என்பதற்கும் விடை அதிலேயே உண்டு. சூடு மிகுந்தால் அந்நொதிகள் கெட்டுவிடும். புலவர் காரணம் சொல்லவில்லை. ஆற்றுக என்ற செய்தியை மட்டும் விடாமல் சொன்னார். உடன் உண்ணச் சுட்ட மீன். யாருக்கு? நடந்து தளர்ந்து வரும் வழிப்போக்கனுக்கு.

நம் முன்னோர் பானங்களுக்கு வைத்திருந்த பெயர்கள் சுங்க அட்டவணைக்குச் சளைத்தவை அல்ல. கள், நறவு, மட்டு, தோப்பி, பிழி, அரியல், தேறல் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றுள் என் மனத்தைக் கவர்ந்தது தேறல். தேறு என்றால் தெளி. கலங்கல் அடங்கித் தெளிந்தது தேறல். மலைநாட்டுக் குறவர், வளைந்த மூங்கிற் குழாயில் அடைத்து முதிரவைத்த தேறலைப் பற்றிச் சங்கப் பாடல்கள் பலகால் பேசுகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி தெளிவு, தேன், கள் என்னும் பொருள்களை இச்சொல்லுக்குத் தருகிறது. அவ்வகராதியின் பதிப்பாசிரியர் வையாபுரிப்பிள்ளை திருவனந்தபுரத்தில் வழக்கறிஞராகவும், பின்னாளில் தமிழ்ப் பேராசிரியராகவும் இருந்தவர் என்பதை இவ்வூர் நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வெளிநாட்டு மதுவும் நமக்குப் புதிதன்று. புறநானூற்று 56ஆம் பாட்டில் நக்கீரர், பாண்டியன் நன்மாறனை, யவனர் கொணர்ந்த மதுவைப் பொற்கலத்தில் மகளிர் ஏந்திக் கொடுக்க நாள்தோறும் அருந்தி இனிது வாழ்க என்கிறார். அம்மதுவுக்கு அவர் இட்ட பெயரும் தேறல்தான். அதற்குக் கொடுத்த அடை இன்னும் சுவையானது: குளிர்ச்சியும் மணமும் உடையது என்கிறார். பனிக்கட்டி காணாத மதுரையில் இருந்துகொண்டு, குளிரையும் மணத்தையும் முதலில் குறித்த புலவரை அண்ணாச்சிக்குச் சொன்னபோது, “விசயம் தெரிஞ்ச ஆளு” என்று ஒரே வரியில் சான்றிதழ் கொடுத்துவிட்டார்.

நக்கீரர் கற்பனை செய்யவில்லை என்பதற்கு மண்ணுக்கடியில் சான்று உண்டு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது, இரு கைப்பிடியும் கூர்த்த அடியும் உடைய ரோமானியச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. கேரளத்தில், வடக்குப் பறவூரை அடுத்த பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் நடந்த அகழ்வுகளில் அத்தகைய ஓடுகள் ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டன. பழைய முசிறி அதுவே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அவ்வோடுகள் சிலவற்றில் எரிமலைக் கருமணல் கலந்திருக்கிறது. இத்தாலியில் வெசூவியஸ் மலையைச் சூழ்ந்த கம்பானியா நாட்டுச் சாடிகளின் அடையாளம் அது. கசப்புச் செடி ஊறிய மதுவும் ரோமானியர் அறிந்ததே.

ஆனால் அரசனின் பொற்கலத்தை விட்டு இறங்கினால், இந்நாட்டின் பானம் தென்னையின் உச்சியில் இருக்கிறது. மார்ட்டினிக்கு நிமிடக் கணக்கு என்றால், கள்ளுக்கு நாழிகைக் கணக்கு. விரியாத பாளையைக் கட்டி, நாள்தோறும் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி, அதன்கீழ்க் கலயத்தைப் பொருத்துவர். வடியும்போது அது வெறும் இனிப்பு நீர். கலயத்திலேயே காற்றின் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இறக்கியது இளம் இனிப்பும் மெல்லிய நுரையுமாக இருக்கும்; மாலைக்குள் முதிர்ந்து புளிக்கும்; இன்னும் விட்டுவைத்தால் காடியாகிவிடும். காடியும் வீண்போவதில்லை, மீன்கறிக்கும் ஊறுகாய்க்கும் ஆகும். இளங்கள் அப்பமாவைப் பொங்க வைக்கும். கள்ளுஷாப்பில் அதற்குத் துணை மரச்சீனிக் கிழங்கும் எரிந்த மீன்கறியும். அந்தக் கிழங்கை இந்நாட்டில் பரவச் செய்தவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. வலைஞர் குடியின் சுட்ட மீன் இங்கே குழம்பில் விழுந்திருக்கிறது, அவ்வளவே வேற்றுமை.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அதே சாறு புளிக்காமல் பதநீராய் நிற்கும். இப்பக்கத்தார் அக்கானி என்பர். பனை மிகுந்த தென்திருவிதாங்கூரின் வட்டங்கள் 1956 நவம்பர் 1ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. பிறகு தமிழ்நாட்டில் 1987 முதல் கள் தடைப்பட்டது, கேரளத்தில் தடையில்லை. ஆகவே களியக்காவிளை எல்லையில் ஒரு விரல் சுண்ணாம்பு, சட்டத்தின் இப்புறத்தையும் அப்புறத்தையும் பிரிக்கிறது. சுண்ணாம்புக்கு இத்துணை அதிகாரம் வேறெங்கும் உண்டோ, அறியேன்.

இவ்வளவு சொல்லிவிட்டுத் திருக்குறளின் 93ஆம் அதிகாரத்தைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. பெற்ற தாயின் முகத்துக்கும் குடியன் இன்னாதவன் என்று காட்டுகிறார் வள்ளுவர். அவரே காமத்துப்பாலில் இன்பத்தை அளக்கக் கள்ளை அளவுகோலாகவும் எடுக்கிறார். அதன் மகிழ்ச்சியை அறியாமல் அவர் மறுக்கவில்லை. இந்நகரை அடுத்த செம்பழந்தியில் தோன்றிய நாராயண குரு இன்னும் ஒருபடி மேலே போனார். மதுவைக் குடிப்பதோடு, செய்வதும் கொடுப்பதும் ஆகாது என்றார். அவர் அதைச் சொன்னது, மரமேறுவதையே பிழைப்பாகக் கொண்டிருந்த தம் மக்களிடம். குடிப்பவனுக்குச் சொல்வது எளிது. வடிப்பவனுக்குச் சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும். மாலைதோறும் கூலியைக் கடையில் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போகிறவனைக் காணும்போதெல்லாம் குருவின் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மது விற்கும் கடையின் கம்பிக்குப் பின்னால் வாங்கி, சுவரோரம் நின்று, துணையும் உணவும் இன்றி ஒரே மூச்சில் விழுங்கிப் போவதை நான் இங்கே பேசும் பொருளோடு சேர்க்க மனம் வரவில்லை. அதில் சுவைக்கக் கூட நேரம் இல்லை.

அண்ணாச்சியிடம் திரும்புகிறேன். வெர்மூத் இவ்வூரில் எளிதில் கிடைப்பதன்று. கப்பல் நண்பர் எவரேனும் கொணர்ந்தால்தான் உண்டு. திராட்சை மது ஆகையால் திறந்தபின் ஓரிரு மாதத்தில் மணம் கெடத் தொடங்கும். குளிர்பெட்டியில் வைத்து, நாள் எண்ணிச் செலவழிப்பார். ஒரு மழைக்கால மாலையில் நான் போனபோது, புட்டியைச் சாய்த்துப் பார்த்தார். ஒரு கிண்ணத்துக்கே இருந்தது. வழக்கம்போல் எல்லாவற்றையும் செய்தார். அரை நிமிடம் சுழற்றினார். எலுமிச்சைத் தோலைப் பிழிந்தார். கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு, அதே எலுமிச்சையைத் தமக்குத் தண்ணீரில் பிழிந்துகொண்டு எதிரில் அமர்ந்தார். நான் மறுத்தேன். குளிர் போகிறது என்று மட்டும் சொன்னார்.

அதியமான் நெடுமான் அஞ்சி போரில் பட்டபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு புறநானூற்றில் 235ஆவது. கொடையாளியும் வீரனுமாகிய ஒரு தலைவனை இழந்து பாடும் புலவர், எடுத்தவுடன் எதைச் சொல்கிறார்? கள் சிறிதளவே கிடைத்தால் அவன் அதை எங்களுக்குத் தந்துவிடுவான்; மிகுதியாகக் கிடைத்தால் நாங்கள் பாட, எங்களோடு உடனிருந்து மகிழ்ந்து உண்பான் என்கிறார். தகடூரையும் படையையும் அவர் முதலில் நினைக்கவில்லை. கல்லூரியில் இப்பாட்டைப் படித்தபோது, இது என்ன பெரிய பெருமை என்று நான் எண்ணியதுண்டு.

அண்ணாச்சி போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

சுங்க அட்டவணையின் 2205ஆம் தலைப்பில் வெர்மூத் என்பதை வெர்மூத் என்றே எழுதினேன். சட்ட ஆவணத்தில் பெயரை மாற்றினால் வரி மாறும், வழக்கு வரும். கைப்படியின் ஓரத்தில் மட்டும் தேறல் என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். தட்டச்சுக்கு அனுப்புவதற்குமுன் அதை அழித்துவிட்டேன்.