பாம்புக்குக் கால் எங்கே போச்சு?

பாம்பின் கால் பாம்பறியும்னு சொல்வாங்க. இப்போ கம்ப்யூட்டருக்கும் கொஞ்சம் தெரிஞ்சிருக்கு.

நம்ம டி.என்.ஏ.வுல சுமார் 300 கோடி எழுத்து. புரதம் தயாரிக்கச் சொல்ற பகுதி அதுல நூத்துக்கு ரெண்டு பங்குகூட இல்ல. மீதியில அங்கங்கே சுவிட்சுகள் இருக்கு. எந்த மரபணு எந்த உறுப்புல எப்போ வேலை செய்யணும்னு முடிவு பண்றது அதுங்கதான்.

சுவிட்ச் விளக்குக்குப் பக்கத்துல இருந்தா தேவலை. ஆனா எப்பவும் அப்படி இருக்கிறதில்ல. கை கால் வளர உதவுற ஒரு மரபணு. பேரு 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்'. வீடியோ கேம்ல வர்ற முள்ளெலியோட பேருதான், விஞ்ஞானிகளுக்கும் குறும்பு உண்டு! அதோட சுவிட்ச் சுமார் 10 லட்சம் எழுத்து தள்ளி, இன்னொரு மரபணுவுக்குள்ள ஒளிஞ்சிருக்கு.

இதை எப்படித் தேடுறது? மனுஷன், எலி, கோழி, மீன்னு எல்லாரோட எழுத்தையும் கம்ப்யூட்டர் வரிசையா அடுக்கி ஒப்பிடும். கோடிக்கணக்கான வருஷமா மாறாத இடம் தட்டுப்பட்டா, அங்கே முக்கியமான வேலை ஏதோ நடக்குதுன்னு அர்த்தம்.

அந்த வரிசையில பாம்பையும் சேர்த்தாங்க. கால் சுவிட்சுல 17 எழுத்தைக் காணோம்!

அமெரிக்காவுல லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்காரங்க, 2016-ல வெளியிட்ட ஆய்வுக்காக, எலியோட சுவிட்சை எடுத்துட்டு பாம்போடதை வெச்சுப் பார்த்தாங்க. எலிக்குட்டிக்குக் கால் சரியா வளரல. அப்புறம் மலைப்பாம்போட சுவிட்சுலயே அந்த 17 எழுத்தைத் திரும்பச் சேர்த்தாங்க.

எலிக்குக் கால் முளைச்சிடுச்சு.