பங்குப் பத்திரம் கூலிக்கு ஈடாகுமா?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

கூட்டம் தொடங்குமுன் ஸ்பின்னிங் தோழர் ஒருவர் என்னைக் கேட்டார்: "கூலி உயர்வுக்குப் பதிலாகக் கம்பெனியில் பங்கு தருகிறோம் என்று நிர்வாகம் பேசுகிறது. பங்கு கிடைத்தால் நாமும் முதலாளிதானே? வேலையிலும் மனம் ஒட்டுமே. வாங்கலாமா?"

நியாயமான கேள்வி. இதற்குக் கோஷம் பதிலாகாது. நடந்ததைச் சொல்கிறேன்.

கேரளத்து மூணாறு மலையில், டாடா டீ கம்பெனி 2005-ல் தன் தோட்டங்களில் பெரும்பகுதியைக் கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி என்ற புதிய கம்பெனிக்கு விட்டது. அதன் பங்குகளில் பெரும்பகுதி ஊழியர் கைக்கு வந்தது. கொழுந்து கிள்ளும் பெண்களும் பங்குதாரர் ஆனார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் தமிழ் ஜில்லாக்களிலிருந்து மலையேறிய குடும்பத்தார்.

பத்து ஆண்டு சென்றது. 2015-ல் அவர்கள் நாள் கூலி 232 ரூபாய். போனஸ் 10 சதவிகிதம்தான் என்று நிர்வாகம் அறிவித்தது. முந்திய ஆண்டு கிடைத்ததில் இது ஏறத்தாழப் பாதி. செப்டம்பரில் ஆயிரக்கணக்கான பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். 9 நாள் போராடி, போனஸும் கருணைத் தொகையுமாக 20 சதவிகிதம் வாங்கினார்கள்.

எண்ணிப் பாருங்கள். பத்திரத்தில் அவர்கள் சொந்தக்காரர்கள். ஆனால் கேட்டது கிடைத்தது சாலையில். பங்குதாரர் கூட்டத்தில் அல்ல! டிவிடெண்ட் ஆண்டுக்கு ஒருமுறை வரும். தினமும் உலை வைப்பது கூலிதான்.

கூலிக்குப் பதில் பங்கு வாங்கியவர்களும் உண்டு. அமெரிக்காவில் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானக் கம்பெனி ஊழியர்கள் 1994-ல் கூலியை விட்டுக்கொடுத்து 55 சதவிகிதப் பங்கு பெற்றார்கள். 2002-ல் கம்பெனி திவாலுக்கு மனுப்போட்டது. பங்கு வெறும் காகிதமாயிற்று. விட்ட கூலி திரும்பவில்லை.

பங்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகம் 1987-ல் இதை ஆராய்ந்தது. பங்கு கொடுத்ததால் மட்டும் உற்பத்தி உயரவில்லை. சாதாரணத் தொழிலாளியைக் கலந்து முடிவெடுத்த அளவுக்கே உயர்ந்தது. தன் சொல்லுக்கு மதிப்பிருந்தால்தான் மனிதன் வேலையில் மனம் ஊன்றுவான்.

கிராமத்துத் தோழர்களுக்கு இது தெரிந்த சேதி. வாரத்துக்கு உழுதவனுக்கும் நெல்லில் பங்கு இருந்தது. மரக்கால் யார் கையில் இருந்தது?

ஆகவே, பங்கு தந்தால் கூலிக்கு மேல் வாங்குங்கள்; கூலிக்குப் பதிலாக வாங்காதீர்கள். கணக்கைப் பார்க்கும் உரிமையைக் கேளுங்கள். டைரக்டர் போர்டில் நாம் தேர்ந்தெடுத்த ஆளைக் கேளுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூணாறுப் பெண்கள் சங்கத் தலைவர்களையும் கிட்டே விடவில்லை. எல்லாக் கொடிகளையும் தள்ளி வைத்தார்கள். நம் கொடியும் அதில் அடக்கம். சந்தா கட்டும் அங்கத்தினரின் சொல் ஏறாத சங்கமும் பங்குப் பத்திரம் மாதிரிதான். அந்தப் பாடத்தையும் படிப்போம், தோழர்களே!