தள்ளுபடியில் கோட் சூட் தைக்கலாமா?

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



குற்றாலத்தில் சாரல், கடைகளில் ஆடித் தள்ளுபடி. ஆவணி முகூர்த்தத்துக்குத் துணி எடுக்க நம்மில் பலர் கிளம்பியிருப்பீர்கள். அதனால் என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

மகன் கல்யாண வரவேற்புக்குக் கோட் சூட் தைக்க, முதலில் எங்கள் பழைய டெய்லரிடம்தான் போனேன். கூலி அதிகம் என்று பேரம் பேசிவிட்டு வந்துவிட்டேன். வெளியூர்க் கடை ஒன்றில் 'துணி எடுத்தால் தையல் இலவசம்' என்றார்கள். ஐந்து நிமிடத்தில் அளவெடுத்தார்கள். ட்ரையல் கிடையாது. வரவேற்புக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் கோட் கைக்கு வந்தது. போட்டால் பையனால் கையைத் தூக்கிக் கும்பிட முடியவில்லை.

ராத்திரி பத்து மணிக்கு அதே பழைய டெய்லரிடம் ஓடினேன். அக்குள் பக்கம் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, உள்ள கால் இஞ்சு துணிகூட விடலியே. நான் எதைப் பிரிச்சு விட?" முடிந்தமட்டும் சரிசெய்தார். காசு வாங்கவில்லை. எனக்குத்தான் முகத்தில் முழிக்க முடியவில்லை.

அன்றைக்கு அவரிடம் கேட்டுக்கொண்டதைச் சொல்கிறேன்.

துணியைத் தள்ளுபடியில் எடுங்கள். அதில் தப்பே இல்லை. 58 இஞ்சு அகலத் துணியில் கோட்டும் பேன்ட்டும் சேர்த்துச் சுமார் 3 முதல் 3¼ மீட்டர் ஆகும். முழுக்கைச் சட்டைக்கு 36 இஞ்சு அகலமென்றால் இரண்டரை மீட்டர் வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று துண்டுத் துணி எடுத்தால் பத்தாமல் போகும். பருத்தித் துணியை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டக் கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே சுருங்கிவிடும்.

சட்டைத் துணிக்கு அவசரமில்லை என்றால் தீபாவளிவரை பொறுக்கலாம். கோ-ஆப்டெக்ஸில் வழக்கமாக 30 சதவீதத் தள்ளுபடி உண்டு. நெசவாளருக்கும் அது உதவி. ஆனால் தீபாவளி நெருக்கத்தில் டெய்லர் கையில் வேலை குவிந்திருக்கும். எடுத்துவைத்துவிட்டுப் பிறகு தைக்கக் கொடுங்கள்.

வரியையும் கணக்கில் சேருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், 2,500 ரூபாய்க்கு மேற்பட்ட ஆயத்த ஆடைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. மீட்டர் துணிக்கு 5 சதவீதம்தான். ஆகவே துணி வாங்கித் தைப்பது எப்போதும் செலவு என்று நினைக்க வேண்டாம்.

கோட்டுக்கு உள்ளே கேன்வாஸா, பசை வைத்த ஃப்யூசிங்கா என்று கேளுங்கள். கூலி வித்தியாசம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. மட்டமான ஃப்யூசிங் நாளடைவில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். பக்கத் தையலில் ஒரு இஞ்சாவது துணி விடச் சொல்லுங்கள். நாலு வருஷம் கழித்து உடம்பு போட்டாலும் பிரித்துக்கொள்ளலாம். ஒரு ட்ரையலாவது பாருங்கள். கையைத் தூக்கி, உட்கார்ந்து, குனிந்து பாருங்கள். விசேஷத்துக்குப் பத்து நாள் முன்னால் கைக்கு வரும்படி தேதி பேசி, ரசீது வாங்குங்கள்.

நம் ஊர்ச் சாரலில் பீரோவில் பூட்டிய கோட்டில் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் உறையில் வைக்காமல் துணி உறையில் தொங்கவிட்டு, வெயில் வரும் நாளில் நிழலில் காற்றாட விடுங்கள்.

கடைசியாக ஒன்று. துணி விலையில் பேரம் பேசுங்கள், தையல் கூலியில் பேசாதீர்கள். நான் மிச்சம் பிடித்த காசு எங்கே போனதென்று தெரியவில்லை. கல்யாண ஆல்பத்தில் என் மகன் கையை ஒட்டிக்கொண்டு நிற்பது மட்டும் அப்படியே இருக்கிறது.